சக்கரம் ஆடுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள்

எங்கள் காருக்கு 15 வயது முடிந்தது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதியானது என்று தெரிந்தால் இன்னும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். துருவை எடுத்து பெயின்ட் அடித்து, மங்கிய விளக்குகளை மாற்றி, புகைச் சான்றும் கையில் வைத்துக்கொண்டு போனேன். மோட்டார் வாகன ஆய்வாளர் (எங்கள் ஊரில் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறோம்) மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். "முன்னாடி சத்தம் வருதே, ஜாக்கி போடுங்க" என்றார். முன் இடது சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், டயரின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டினார். டக், டக் என்று கேட்டது. "வீல் பேரிங் போயிருக்கு. மாத்திட்டு வாங்க."

வருத்தத்தோடுதான் திரும்பினேன். ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால், தூரத்தில் விமானம் போவது போல ஓர் உறுமல். வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். டயர் தேய்ந்த சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதே காரில்தான் என் மகளைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பேரிங் முற்றிலும் உடைந்தால் சக்கரம் இழுத்த இழுப்புக்கு வராது, பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது, கடைசியில் சக்கரமே கழன்றும் போகலாம்.

எங்கள் தெரு முனையில் பாய் பட்டறை. 30 வருஷமாக ஸ்பேனர் பிடித்த கை. வண்டியைக் கொடுத்ததும் அவர் எதையும் கழற்றவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு புறவழிச்சாலைக்கு ஓட்டிப் போனார். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், 60 கிலோமீட்டர் வேகத்தில், ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் வளைத்தார். உறுமல் தடித்தது. இடப்பக்கம் வளைத்தார். சத்தம் ஏறக்குறைய நின்றே போனது. "இன்ஸ்பெக்டர் சொன்னது சரிதான் தம்பி, இடது பக்கம்" என்றார்.

வலப்பக்கம் திரும்பும்போது காரின் எடை இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. பேருந்து வளைவில் திரும்பினால் நாம் வெளிப்பக்கம் சாய்வோமே, அதே கணக்குதான். பழுதான பேரிங் மேல் பாரம் ஏறினால் முனகல் கூடும், இறங்கினால் அடங்கும். டயர் சத்தம் வளைவுக்கு இப்படி மாறாது. அது சாலைக்குத்தான் மாறும்: தார் ரோட்டில் ஒரு மாதிரி, சிமென்ட் ரோட்டில் வேறு மாதிரி.

பட்டறைக்குத் திரும்பியதும் இன்னொரு சோதனை. சக்கரத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினார், அதே டக் டக். பிறகு, "உள்ள ஏறி பிரேக்க நல்லா மிதிச்சுப் பிடிங்க" என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார். சத்தமே இல்லை. இது மிக எளிய, மிக நுட்பமான சோதனை. பிரேக் பிடித்தால் பேடுகள் டிஸ்க்கைக் கவ்விக்கொள்கின்றன. அதாவது, சுற்றும் பாகம் சுற்றாத பாகத்தோடு கட்டுண்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது பேரிங். அதன் தளர்ச்சியை அப்போது பிரேக் மறைத்துவிடும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போனால் பழுது பேரிங்கில். அப்போதும் ஆடினால் பால் ஜாயின்ட், ஆர்ம் என்று வேறிடத்தில் தேட வேண்டும். டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் சந்தேகம் ஸ்டியரிங்கின் டை ராட் பக்கம் போகும். கடைசியாக, காயில் ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றச் சொன்னார். மணலை அரைப்பது போன்ற நடுக்கம் ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்தது. வலப்பக்கச் சக்கரத்தில் அப்படி எதுவும் இல்லை. இந்தச் சோதனைகளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இவற்றைச் செய்யாமல் ஊகத்தில் பாகங்களை மாற்றும் பட்டறைகளில்தான் பணம் வீணாகிறது.

அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது? அதைப் புரிந்துகொள்ள பேரிங்குக்குள் போக வேண்டும்.

மாட்டு வண்டிக் காலத்தில் சக்கரம் அச்சின் மேல் நேரடியாக உரசிச் சுற்றியது. வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டார்கள். மை தீர்ந்தால் ஊருக்கே கேட்கும்படி அச்சு கிறீச்சிடும். உரசுவதற்குப் பதில் உருளவிட்டால் உராய்வு பல மடங்கு குறையும் என்பது பழைய அறிவுதான். வேல்ஸ் நாட்டின் கார்மார்த்தன் ஊரைச் சேர்ந்த இரும்பு ஆலை அதிபர் பிலிப் வான், வண்டி அச்சில் இரும்புக் குண்டுகளை வைக்கும் முறைக்கு 1794-லேயே காப்புரிமை வாங்கினார். அது பரவலாகப் பயன்பட ஏறக்குறைய நூறு ஆண்டு ஆனதற்குக் காரணம் குண்டுதான். ஒரு குண்டு மற்றவற்றைவிட ஒரு முடியளவு பெரிதாக இருந்தாலும் பாரம் முழுவதும் அதன் தலையில் விழும், அதுதான் முதலில் நொறுங்கும். எல்லாக் குண்டுகளையும் ஒரே அளவாகவும் உருண்டையாகவும் அரைத்தெடுக்கும் இயந்திரத்தை, ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் 1883-ல் செய்தார். இன்று ஒரு நல்ல பேரிங் குண்டின் உருண்டையில் பிசகு ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்குள் நிற்கிறது.

அத்தனை துல்லியம் ஏன் வேண்டும்? எங்கள் கார் ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோவைத் தாண்டும். முன் சக்கரம் ஒன்றின் பங்கு ஏறக்குறைய 300 கிலோ. அந்த எடை முழுவதும், பேரிங்கின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே உருளும் சில குண்டுகள் வளையத்தைத் தொடும் இடங்கள் வழியாகவே இறங்குகிறது. குண்டு வளையத்தைத் தொடுவது கணிதப்படி ஒரு புள்ளியில். நிஜத்தில் எஃகு சற்றே அமுங்கி, கடுகைவிடச் சிறிய ஒரு பரப்பு உண்டாகிறது. இந்தப் பரப்பைக் கணக்கிடும் வழியை 1880களின் தொடக்கத்தில் கண்டவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். பின்னாளில் ரேடியோ அலைகளை நிரூபித்து அழியாப் புகழ் பெற்ற அதே ஹெர்ட்ஸ்தான், அப்போது அவருக்கு இருபதுகளின் நடுவயது. அவர் கணக்குப்படி பார்த்தால், ஓடும் காரின் பேரிங்குக்குள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் சாதாரணம். உலகின் மிக ஆழமான கடலடியில் நீர் அழுத்துவதைப் போல ஒன்பது மடங்கு அது. அவ்வளவு அழுத்தத்திலும் குண்டும் வளையமும் நேராகத் தொட்டுக்கொள்வதில்லை. கிரீஸிலிருந்து கசியும் எண்ணெய், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மெல்லிய படலமாக நடுவில் நிற்கிறது. தலைமுடியை எழுபது எண்பது படலமாகச் சீவினால் ஒரு படலம் எவ்வளவு தடிமன் இருக்குமோ அவ்வளவுதான். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் பஞ்சு மாதிரி. சோப்பு வகைப் பொருள் பஞ்சு, உள்ளே இருப்பது எண்ணெய். வேலை செய்வது எண்ணெய்தான்.

இனி எண்ணிக்கையைப் பாருங்கள். எங்கள் டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் உருளும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஐந்தரைக் கோடிச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வளையத்தின் ஒரே தடத்தில் பல குண்டுகள் ஏறி இறங்குகின்றன. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் முறிந்துபோகும் அல்லவா, அந்தக் களைப்பு இங்கேயும் உண்டு. அது மேற்பரப்பில் தொடங்குவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எஃகைப் பிய்க்கப் பார்க்கும் விசை உச்சம் தொடுவது பரப்புக்குச் சற்று கீழே, மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழத்தில். அங்கே எஃகு வார்க்கும்போது சிக்கிய கண்ணுக்குத் தெரியாத ஒரு கசடு இருந்தால், அதன் ஓரத்தில் விரிசல் விடுகிறது. விரிசல் மெல்ல மேலேறி வரும். ஒரு நாள் சின்னதொரு செதில் பெயர்ந்து விழும். அதன் பிறகு குண்டு அந்தக் குழியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு விழும். ஒரு வரிசையில் 13 குண்டுகள் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வெளிவளையக் குழியில் வினாடிக்குச் சுமார் 50 தட்டுகள். காது அவற்றைத் தட்டாகப் பிரித்துக் கேட்பதில்லை, உறுமலாகக் கேட்கிறது. நான்கு மாதமாக நான் கேட்டது அதைத்தான்.

பாய் பழைய பேரிங்கை வெளியே எடுத்ததும், துணியால் துடைத்து என் கையில் தந்தார். உள்வளையம் இரண்டு பாதியாகப் பிரிந்து வந்தது. குண்டுகளில் பளபளப்பு போய் சாம்பல் பூத்திருந்தது. வெளிவளையத்தின் தடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மினுமினுப்பு, அதன் முடிவில் அரிசிமணி அளவுக்கு ஒரு பள்ளம். நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. அதைவிட என் கண்ணில் பட்டது கிரீஸ். புதிதில் தேன் மாதிரி இருந்திருக்க வேண்டியது, டீ டிகாஷனில் மோர் கலந்தது போலக் கலங்கிக் கிடந்தது. "தண்ணி போயிருக்கு" என்றார். போன மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டி வந்தது நினைவுக்கு வந்தது. ஓடிச் சூடான ஹப் (சக்கரத்தின் மையப் பாகம்) திடீரென்று தண்ணீரில் மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், ரப்பர் சீலின் ஓரமாக நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸில் சக்கரத்தின் நடுவில் நேராகக் குழாயைப் பிடித்து அடிப்பதும் அதே கேட்டைச் செய்கிறது. தண்ணீர் கலந்த எண்ணெயால் அந்தப் படலத்தைத் தாங்க முடியாது. எஃகும் எஃகும் தொட்டுக்கொள்கின்றன, கூடவே துருவும் சேர்கிறது.

ஒரு பக்கம் மட்டும் ஏன் போனது என்று கேட்டேன். நம் ஊரில் இடது சக்கரம்தான் சாலையின் உடைந்த ஓரத்தில் இறங்கி ஏறுகிறது, தேங்கிய நீரிலும் ஓடுகிறது என்றார் பாய். நியாயமான காரணம். இன்னொன்றும் உண்டு. பேரிங்கின் ஆயுள் என்று புத்தகங்கள் தரும் எண், நூறு பேரிங்கில் தொண்ணூறு தாண்டக்கூடிய எண். மீதிப் பத்து எப்போது வேண்டுமானாலும் முன்னதாகப் போகலாம். 1947-ல் ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் இருவரும் செப்பம் செய்த கணக்கு இது. ஒரு பேரிங் தோற்றால் மறுபக்கப் பேரிங்கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் விட்டுவிடலாம்.

அதே கணக்கில் சரக்கு வண்டிக்காரர்கள் மனதில் எழுதிவைக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. குண்டு பேரிங்கின் ஆயுள், பாரத்தின் மும்மடிக்குத் தலைகீழாகக் குறைகிறது. பாரத்தைக் கால் பங்கு கூட்டினால் ஆயுள் பாதி. இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. ரோலர் பேரிங்குக்கு இதைவிடவும் சற்று மோசம். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும் என்று போக்குவரத்து வண்டிகளுக்கு விதி வைத்திருப்பதை வீண் அலைச்சல் என்று பேசுகிறவர்கள் இந்த மும்மடியை யோசித்துப் பார்க்க வேண்டும். ஓவர் லோடு ஏற்றிச் சம்பாதித்த காசில் ஒரு பங்கை ஹப்புக்குள்ளேயே திருப்பிச் செலுத்துகிறோம்.

எனக்கு இந்த அனுபவத்தில் மிக முக்கியமாகப் பட்டது இனிமேல் சொல்லப்போவதுதான். புதுப் பேரிங் பல நேரம் பொருத்தும்போதே பழுதாகிவிடுகிறது.

எங்கள் கார் மாதிரிச் சிறிய கார்களில் முன் பேரிங், நக்கிள் என்னும் வார்ப்புப் பாகத்தின் துளைக்குள் மிக இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதன் உள்துளையில் ஹப்பும் அதே இறுக்கத்தில் ஏறியிருக்கும். இறக்கவும் ஏற்றவும் டன் கணக்கில் விசை வேண்டும். பட்டறையில் கைக்கு எட்டுவது சுத்தியல். பழைய பேரிங்கின் வளையத்தையே கட்டையாக வைத்து, புதியதை ஓங்கி ஓங்கி அடித்து இறக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஒவ்வோர் அடியும் எங்கே போகிறது? வெளிவளையத்தை இறக்க உள்வளையத்தில் அடித்தால், நடுவில் இருக்கும் குண்டுகள் வழியாகத்தான் விசை போக வேண்டும். குண்டுகள் தடத்தில் பதிந்துவிடும். பேரிங் தயாரிப்பாளர்கள் தாங்கும் எல்லையாக வைத்திருப்பது, குண்டின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆழமுள்ள வடு. 10 மில்லிமீட்டர் குண்டுக்கு அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்ணெய்ப் படலத்தின் தடிமனையே தாண்டிவிடும் வடு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உறுமல் திரும்ப வரும். "டூப்ளிகேட் சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுவோம். வேகமாக ஒரு பள்ளத்தில் இறங்கினாலும் இதே வடு விழக்கூடும்.

பாய் நக்கிளைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். துளையைத் துடைத்து, துருவை மெல்லிய எமரித்தாளால் எடுத்தார்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸின் கீழே நக்கிளை வைத்து, வெளிவளையத்தை மட்டும் தொடும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை மேலே வைத்து அழுத்தினார்கள். ஒரு சத்தமும் இல்லாமல் பேரிங் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. சர்க்ளிப் போட்டார்கள். அடுத்தது ஹப். இங்கேதான் நல்ல லேத்காரர்கூடத் தவறலாம். நக்கிளைத் தாங்கிக்கொண்டு ஹப்பை அழுத்தினால் விசை மறுபடி குண்டுகள் வழியாகப் போய்விடும். அவர் அடியில் வேறொரு குழாய்த் துண்டை, உள்வளையத்தை மட்டும் தாங்கும்படி வைத்தார். எந்த வளையம் இறுக்கமாக ஏற வேண்டுமோ அந்த வளையத்தில் மட்டும்தான் விசை படலாம். முழு வேலையும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

ஏ.பி.எஸ். உள்ள கார்களில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். பேரிங்கின் ஒரு பக்கச் சீலுக்குள் காந்த வளையம் இருக்கலாம். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எடுத்துத் திருப்பிப் போட முடியாது. இறுக்கமாக ஏறிய பேரிங்கை வெளியே இழுத்தாலே அது கெட்டுவிடும்.

ஆக்சில் நட்டுக்குப் பாய் புதிது வாங்கிவரச் சொன்னார். பழைய நட்டின் உதட்டை ஒரு முறை மடக்கி நிமிர்த்தினால் பிடிப்புப் போய்விடும். ஏர் கன்னால் முடுக்கவில்லை, டார்க் ரெஞ்சை எடுத்தார். சிறிய கார்களில் இந்த இறுக்கம் 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வரும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். இரண்டு பாதியாக இருக்கும் உள்வளையத்தை நெருக்கிப் பிடிப்பது இந்த நட்டுதான். குறைந்தால் ஆட்டம், மிகுந்தால் சூடு.

லாரிகளிலும் பழைய கார்களிலும் இருக்கும் கூம்பு வடிவ ரோலர் பேரிங்குக்கு முறை வேறு. அங்கே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல ஒரு சிறு இடைவெளி விட வேண்டும். கிரீஸை ரோலர்களுக்கு நடுவில் உள்ளங்கையால் அமுக்கி ஏற்ற வேண்டும். ஹப் முழுக்க நிறைத்துவிட்டால் கிரீஸ் தன்னைத் தானே கடைந்து சூடாகும். பழைய கிரீஸோடு புது வகையைக் கலப்பதும் கூடாது.

சக்கரத்தை மாட்டி 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். இடமும் வலமும் ஒரே வெதுவெதுப்பு. உறுமல் இல்லை. அடுத்த வாரம் அதே மைதானம், அதே இன்ஸ்பெக்டர், அதே ஜாக்கி. ஆட்டிப் பார்த்துத் தலையாட்டினார். 5 ஆண்டுக்குக் கையெழுத்தானது.

இன்று இரவு ஆளில்லாத சாலையில் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உங்கள் வண்டியைக் கொஞ்சம் கேளுங்கள். உறுமல் கேட்டால், அடுத்த எஃப்.சி. வரை காத்திருக்காதீர்கள். சக்கரத்தில் ஆட்டமும் இருந்தால் பட்டறைக்குத் தவிர வேறெங்கும் அதை ஓட்டாதீர்கள். பேரிங் மாற்றும் நாளில் கூடவே நில்லுங்கள். உள்வளையத்தின் மேல் சுத்தியல் ஓங்கப்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: "அண்ணே, லேத்துல கொண்டுபோய் பிரஸ் போட்டுக்கலாம், கூலி நான் தர்றேன்."